தாடை மூட்டு வலி: பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால்

புதிதாக கிளினிக் திறக்கும் பல் மருத்துவர்கள் தாடை மூட்டு (காதின் முன்னால், கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் இடம்) விஷயத்தில் சறுக்கும் இடங்கள் ஒன்றும் புதியவை அல்ல. அவர்களுக்கு முந்தைய செட்டில் இருந்தவர்களும் அதே இடங்களில்தான் சறுக்கினார்கள். மென்மையாகச் சாப்பிடச் சொல்வது, சூயிங்கம் வேண்டாம் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை இங்கே நீட்டி விளக்கவில்லை. வலியோடு இருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரியும்.

நல்ல பல்லைப் பிடுங்குவது

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக வலது காதில் வலி. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது என்று சொட்டு மருந்தோடு அனுப்பிவிட்டார். இப்போது பல் மருத்துவரிடம் வருகிறார். "கீழ்க் கடவாய்ப் பல்லுங்க, காதுக்குள்ளயும் இழுக்குதுங்க." எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு பழைய ஃபில்லிங் தெரிகிறது. அவ்வளவுதான், ரூட் கேனால் ஆரம்பமாகிவிடும். வலி குறையாது. பல்லைப் பிடுங்குவார்கள், அப்போதும் குறையாது. பக்கத்துப் பல்லுக்கு இப்போது சந்தேகம் போகும்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது. பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது, நோயாளி கட்டிய காசும் திரும்பி வராது. இத்தனைக்கும் பத்து நிமிடச் சோதனையில் இது பிடிபட்டிருக்கும்.

ஏன் இப்படி ஏமாறுகிறோம்? கடவாய்ப் பல், கன்னத்துத் தசை, தாடை மூட்டு, காதின் முன்பகுதி எல்லாவற்றின் உணர்வும் ஐந்தாம் மண்டை நரம்பின் வழியாக மூளைத் தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறது. தசையில் கிளம்பிய வலியை மூளை பல்லின் கணக்கில் எழுதிவிடுகிறது. கன்னத்து மெல்லும் தசையின் வலி கடவாய்ப் பற்களிலும் காதிலும் தெரியும். நெற்றிப்பொட்டில் இருக்கும் தசையின் வலி மேல் பற்களிலும் தலைவலியாகவும் தெரியும்.

முதலில், எங்கே வலிக்கிறது என்று கையால் காட்டச் சொல்லுங்கள். பல் வலிக்காரர் பெரும்பாலும் ஒற்றை விரலால் ஒரு பல்லைத் தொடுவார். தசை வலிக்காரர் உள்ளங்கையைக் கன்னத்தில் அப்படியே வைப்பார். பிறகு பல்லை இறுகக் கடிக்கச் சொன்னால் கன்ன எலும்புக்கும் தாடை மூலைக்கும் நடுவே தசை புடைக்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தளர்த்தச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் ஒரு கிலோ அழுத்தத்தில் ஐந்து விநாடி அழுத்துங்கள். ஒரு கிலோ எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாது. சமையலறைத் தராசை மேசையில் வைத்து, முள் ஒரு கிலோ காட்டும்வரை அழுத்திப் பழகுங்கள். காதின் முன்னால் இருக்கும் மூட்டுக்கு அரைக் கிலோ போதும்.

அழுத்தும்போது "வலிக்குதுங்களா?" என்று கேட்காதீர்கள். அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். "நீங்க சொன்ன அதே வலிதானுங்களா?" என்று கேளுங்கள். "அதேதானுங்க, காதுக்குள்ள போகுது" என்று பதில் வந்தால், பல்லை விட்டுக் கையை எடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பல்லைத் தட்டிப் பாருங்கள், குளிர்ச்சி வைத்துப் பாருங்கள். அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் அந்தப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி. பல் நன்றாக மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் அதன் ஊற்று வேறு இடத்தில் இருக்கிறது.

நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தழும்பு, கன்னத்தின் உள்ளே வெள்ளைக் கோடு, மழுங்கிப்போன கோரைப் பல் ஆகிய மூன்றும் பல்லைக் கடிக்கும் பழக்கத்தின் பக்கம் கை காட்டும். காலையில் எழும்போதே தாடை கனத்தால் இரவு நறநறப்பு இருக்கலாம். சாயங்காலம் வலித்தால் வேலை நேரத்தில் இறுகக் கடிக்கும் பழக்கமாக இருக்கலாம். இப்படிக் கடிப்பவருக்குத் தேவை வேறு: நாக்கு நுனி மேலண்ணத்தில், உதடு மூடி, பல் பல்லைத் தொடாமல். நாளுக்கு இரண்டு முறை பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். இரண்டு வாரத்துக்கு அரிசிம்பருப்புச் சாதமும் சந்தகையும் போதும். பள்ளிபாளையம் சிக்கனில் வரும் தேங்காய்ச் சில்லும் வறுகடலையும் கரும்பும் காத்திருக்கட்டும். தைப்பொங்கல் முடிந்த வாரம் வருகிறவர்களிடம் முதலில் கரும்பைப் பற்றிக் கேளுங்கள்.

"டொக்" சத்தத்துக்குப் பயமுறுத்துவது

மூட்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சிறு குருத்துத் தட்டு இருக்கிறது. அது முன்னால் நழுவியிருந்து, வாயைத் திறக்கும்போது தன் இடத்துக்குத் தாவினால் "டொக்" என்று கேட்கும். வலியும் இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் இதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

பயப்பட வேண்டியது சத்தம் திடீரென்று நிற்கும்போதுதான். "சத்தம் நின்னுபோச்சுங்க, ஆனா வாய்தான் திறக்கமாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால் அது குணமானது அல்ல. தட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. வாயைத் திறக்கும்போது தாடை வலிக்கிற பக்கமே சாயும். ஸ்டீல் ஸ்கேலால் மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை அளந்து, மேல் பல் கீழ்ப் பல்லை மூடும் அளவையும் கூட்டுங்கள். நாற்பது மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் அளக்க அவரவர் மூன்று விரல் நிமிர்ந்து நுழைகிறதா என்று பார்த்தால் போதும்.

வாய் திறக்காததெல்லாம் மூட்டு அல்ல

பாக்கு. இதைக் கேட்க மறந்தால் புற்றுநோய்க்கு முந்தைய நிலையை மூட்டு வலி என்று எழுதிவிடுவீர்கள். "புகையிலை உண்டா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்பார். பாக்கெட் பாக்கை அவர் புகையிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "பாக்குப் போடுவீங்களா?" என்றே கேளுங்கள். காரம் பட்டால் வாய் எரியும், கன்னத்தின் உள்பக்கம் வெளுத்திருக்கும், விரலை விட்டுத் தடவினால் கயிறு போல நார் தட்டுப்படும், நாக்கும் முழுதாக நீளாது. காதின் முன்னால் அழுத்தினால் வலி இருக்காது.

ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே) பார்த்து "மூட்டு நல்லா இருக்கு" என்பது

அதில் எலும்புதான் தெரியும். குருத்துத் தட்டைப் பார்க்க எம்ஆர்ஐ.

பல்லைத் தேய்த்துக் கடியை (மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதத்தை) சரிசெய்வது

வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934-ல் காதுத் தொந்தரவுகளுக்குப் பல் இழப்பையும் கடியையும் குற்றம் சொன்னதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இது. தேய்த்த எனாமல் திரும்ப வராது.

குழந்தை பல்லைக் கடித்தால் பூச்சி மாத்திரை

பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஐம்பது தாண்டியவரின் புதுத் தலைவலி

சாப்பாட்டை மெல்ல ஆரம்பித்தால் தாடை சோர்ந்து வலிக்கிறது, நிறுத்தினால் விடுகிறது, தலை சீவும்போது பொட்டுப் பக்கம் தொடமுடியவில்லை என்றால் அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். பார்வை போகும் நோய் இது. அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அன்றைக்கே எடுத்து அன்றைக்கே பொது மருத்துவரிடம் அனுப்புங்கள். மருதமலைப் படி ஏறும்போது மட்டும் தாடை வலித்து, நின்றால் விட்டுப்போகிறவருக்கு முதலில் வேண்டியது இதயத்தைப் பார்க்கும் இசிஜி.

தாவாக்கட்டையில் அடிபட்ட குழந்தை

படியில் விழுந்து தாவாக்கட்டை கிழியும், நாலு தையல் போட்டு அனுப்பிவிடுவோம். அடி மேலேறி காதின் முன்னால் இருக்கும் மூட்டு எலும்பை உடைத்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. வலிக்குப் பயந்து குழந்தை வாயைத் திறக்காமல் இருக்க இருக்க, மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போகலாம். பிறகு தாடை வளராது, முகம் அடிபட்ட பக்கம் கோணும். தையல் போடும் முன் இரண்டு காதின் முன்னாலும் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். பல் பழையபடி சேர்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். தையல் பிரிக்க வரும் நாளில் வாயை அளந்து சீட்டில் எழுதுங்கள், ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.