படுக்கைப்புண்: 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும்' என்பதும் வேறு சில தவறுகளும்

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் தோல் பராமரிப்பு சொல்லிக்கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள் எதுவும் புதியவை அல்ல; இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்களும் செய்தவைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் வார்டிலேயே காதில் ஓதி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தடம் தெரிந்த பிறகும் உட்காருவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

சக்கர நாற்காலியில் வேலைக்குத் திரும்பியிருந்த ஓர் இளைஞர். ராத்திரி உடை மாற்றும்போது இடது பிட்டத்தில், உட்காரும் எலும்பு அழுந்தும் இடத்தில், நாணய அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புத் தடத்தை அவருடைய அம்மா பார்த்திருக்கிறார். தோல் கிழியவில்லை, நீர் கசியவில்லை. களிம்பு தடவி, ரத்தம் ஓடட்டும் என்று அழுத்தித் தேய்த்தும் விட்டிருக்கிறார். ஆபீசில் அந்த வாரம் முக்கியமான வேலை. 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும்' என்று கிளம்பியவர் வாரம் முழுக்கப் போய்வந்தார். என்னிடம் வந்தபோது தடத்தின் நடுவே தோல் கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. கொஞ்ச நாளில் அது உரிந்து விழுந்தது. உள்ளே விட்ட பஞ்சுக்குச்சி எலும்பில் தட்டியது. அப்புறம் பக்கத்துத் தசையைத் திருப்பி மூடும் அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் படுக்கை. எந்த வேலைக்காகப் போனாரோ அந்த வேலையும் போயிற்று.

உட்காரும்போது அழுத்தம் மிகவும் அதிகமாக விழுவது எலும்பை ஒட்டிய இடத்தில். ரத்த ஓட்டம் தடைபட்டால் தோலை விடத் தசை சீக்கிரம் செத்துவிடும். வெளியே ஒரு தடம் தெரிவதற்குள் உள்ளே கணிசமாகக் கெட்டுப்போயிருக்கலாம். கறையான் புற்றைப் போல, வாய் சின்னது, உள்ளே இருக்கும் பள்ளம் பெரிது. அங்கே களிம்பு என்ன செய்யும்? தேய்ப்பது இன்னும் மோசம்; நைந்துபோன திசுவை மேலும் நையவைக்கும். நமக்கென்றால் வலித்திருக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுத்திருப்போம். தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை.

விரலால் தடத்தை அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி நிறம் வந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காவிட்டாலும், அழுத்தம் நீங்கி அரை மணி நேரமாகியும் தடம் மறையாவிட்டாலும் அது காயம்தான். இயல்பிலேயே கறுப்பான தோலில் இந்தச் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சுற்றியுள்ள தோலை விடக் கருமையாகவோ ஊதாவாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். புறங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா, விரலுக்குக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ படுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

காயம் என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்தின்மேல் உட்காரவோ படுக்கவோ கூடாது, சாப்பாட்டு நேரத்துக்குக்கூட. நிறமும் தொடுகையும் பழையபடி ஆன பிறகு 15 நிமிடம் உட்காரவைத்து, இறக்கிப் பார்த்து, தடம் இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். தோல் கிழிந்தாலோ, ஊதாவாக மாறினாலோ, கெட்ட வாடையோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஆறிய புண் மேலும் கவனம் வேண்டும். தழும்புக்குப் பழைய தோலின் வலு ஒருபோதும் முழுசாகத் திரும்பாது.

கையை ஊன்றி ஒரு எம்பு

நாற்காலியில் சில விநாடி எம்பி உட்கார்ந்துவிட்டு 'செஞ்சாச்சு' என்பார்கள். அழுந்திய திசுவுக்கு ஆக்சிஜன் முழுசாகத் திரும்ப ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் யாரால் எம்பி நிற்க முடியும்? தோள்பட்டைதான் தேயும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, மார்பு தொடையில் படும்படி முன்னால் குனியலாம், அல்லது மேஜையில் சாயலாம். முன்னால் குனிந்தால் விழுந்துவிடுவார் என்றால் பக்கவாட்டில் சாய்த்து, ஒவ்வொரு பக்கமும் அதே 2 நிமிடம் வைத்திருங்கள்.

நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷன்

வாங்காதீர்கள். வளையம் அழுந்துவதால் நடுவிலுள்ள சதைக்குப் போகும் ரத்தம்தான் தடைபடும்.

காற்றுக் குஷனைக் கல்லு மாதிரி அடிப்பது

ஆள் உட்கார்ந்த பிறகு உட்காரும் எலும்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் குஷனின் அடித்தளத்துக்கும் நடுவே அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை இருந்தால் சரி. அதற்கு மேல் காற்று இருந்தால் உடம்பு அமிழாமல் மேலேயே நிற்கும். சரியாக வைத்த குஷனின் மேல் அழுக்காகாமல் இருக்க என்று நாலாக மடித்த துண்டை விரிப்பவர்களும் உண்டு. குஷன் வாங்கிய பலன் அத்தோடு போயிற்று.

தலைப்பக்கத்தைத் தூக்கியே வைப்பது

30 பாகைக்கு மேல் தூக்கினால் உடம்பு மெல்லக் கீழே சரியும். தோல் விரிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் நகரும். நடுவில் ரத்தக்குழாய் இழுபட்டு மடங்கும். திரிக எலும்பின் (முதுகெலும்பின் அடியில், பிட்டத்துக்கு மேலே இருக்கும் எலும்பு) மேல் வரும் புண்களில் பல இப்படி வருபவை. சாப்பிடத் தூக்கும்போது முதலில் முழங்காலை மடக்கி உயர்த்துங்கள், முடிந்ததும் இறக்கிவிடுங்கள்.

குதிகாலுக்கு அடியில் தலையணை

கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் வையுங்கள். குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும்.

தலைவலியைத் தனி நோயாக நினைப்பது

முதுகெலும்பின் மார்புப் பகுதியில் ஆறாவது முள்ளெலும்பிலோ (டிஸ்சார்ஜ் சீட்டில் T6) அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிக்கும்படி வலித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால் ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். இது உயிருக்கே ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். வரும் வரைக்கும் முதலில் சிறுநீர் இறங்கும் கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, அடுத்து மலம் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தோல். அவருக்குத் தெரியாத ஒரு புண்ணே இதைக் கிளப்பிவிடும்.

பின் பாக்கெட் வைத்த ஜீன்ஸ்

அந்தச் செப்பு ஆணி ஒன்று போதும். வேறு பேன்ட் போடுங்கள்.

மடியில் லேப்டாப்

சூடு தெரியாது. மேஜையில் வையுங்கள்.