மஸ்கட்டிலிருந்து வார விடுமுறைப் பயணம்: முதன்முறை புறப்படும் குடும்பங்களுக்கு

வேலை நிமித்தம் மஸ்கட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் பல, முதல் ஆண்டு முழுவதையும் ரூவிக் கடைத்தெருவுக்கும் பேரங்காடிகளுக்கும் இடையிலேயே கழித்துவிடுகின்றன. வெள்ளியும் சனியும் விடுமுறை. வாசலில் கார் நிற்கிறது. நெடுஞ்சாலைகளோ அருமையானவை. இருந்தும், "பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது, எப்படிப் போவது?" என்ற தயக்கம் கட்டிப்போட்டுவிடுகிறது. இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் வெந்நீர் ஊற்றும், 17ஆம் நூற்றாண்டுக் கோட்டையும், மலையிடுக்கில் பச்சை நீர் தேங்கி நிற்கும் ஓடையும் இருக்கும்போது அந்தத் தயக்கம் பெரிய இழப்பு. கீழே உள்ள வரிசை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறது. இந்த வரிசையைப் பின்பற்றுவது நல்லது.

படி 1: மூன்று சாலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மஸ்கட் நகரம் கடலுக்கும் ஹஜர் மலைத்தொடருக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது. வெளியே போக மூன்று திசைகள். மேற்கே பாத்தினா கடற்கரைச் சமவெளி வழியாக நக்கல், ருஸ்தாக். தென்மேற்கே, மலைத்தொடரை இரண்டாகப் பிரிக்கும் சமாயில் கணவாய் வழியாக 15ஆம் எண் நெடுஞ்சாலையில் நிஸ்வா. தென்கிழக்கே கடலை ஒட்டிக் குரியாத், திவி, சூர் என்று நீளும் 17ஆம் எண் நெடுஞ்சாலை.

ஒரு நாளுக்கு ஒரு சாலை, அந்தச் சாலையில் ஒரு முக்கியமான இடம். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துவிடுவோம்" என்று சேர்த்துக்கொண்டே போனால், பிள்ளைகள் காரிலேயே தூங்கி எழுந்து தூங்கி, ஓர் இடத்தையும் நின்று பார்க்காமல் வீடு திரும்புவார்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை வெளியூர்ப் பயணத்துக்கு உகந்த காலம். கோடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2018 ஜூன் மாதம் குரியாத்தில் 24 மணி நேரத்துக்கு வெப்பநிலை 42.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவேயில்லை. நள்ளிரவிலும் அதே அனல்தான். அந்த மாதங்களை நகரத்துக்குள் இருக்கும் இடங்களுக்கு ஒதுக்குங்கள்.

முதலில் சுல்தான் கபூஸ் பெரிய பள்ளிவாசல். 2001இல் திறக்கப்பட்டது. பிற மதத்தவர் வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரை உள்ளே போகலாம். ஆகவே நமக்குச் சனிக்கிழமை. பெண்கள் தலையை மூட வேண்டும். எல்லோருக்கும் கை கால் மறையும் உடை. தொழுகைக் கூடத்தின் கம்பளம் 4,000 சதுர மீட்டருக்கும் மேல். ஈரான் நாட்டு நெசவாளர்கள் கையால் முடிச்சிட்டு நெய்தது. அதன் ஓரத்தில் நின்று பூவேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வேறொரு நாள் முத்ரா கடற்கரைச் சாலை, பழைய சந்தை. பழைய மஸ்கட்டில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே சிவன் கோயில் இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன் வந்த குஜராத்தி வணிகர்களின் கோயில். சிவராத்திரி அன்று அங்கே தமிழ்க் குரல்களும் நிறையக் கேட்கும்.

ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் கூடாது. அந்த மாதம் நெடும்பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: முதல் பயணம் நக்கல்

சாதாரணக் கார் போதும். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாறை மேட்டின் வளைவுகளுக்கு ஏற்பவே சுவர் எழுப்பிக் கட்டிய கோட்டை. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மேலே ஏறினால் ஒரு பக்கம் பேரீச்சந்தோப்பு, மறுபக்கம் நக்கல் மலை. அங்கிருந்து சில நிமிடத் தொலைவில் தவ்வாரா வெந்நீர் ஊற்று. இதமான சூட்டில் ஓடும் ஆழமில்லாத ஓடை. குட்டி மீன்கள் காலைக் கொறிக்கும். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

படி 4: கட்டுச்சோறு

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகளும் உணவகங்களும் அடைத்திருக்கும். பிள்ளைகளுக்குப் பசிக்கும் நேரமும் அதுதான். ஆகவே கையில் சோறு வேண்டும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் நாள் முழுக்கத் தாங்கும். தயிர்ச்சாதத்துக்கு விடியற்காலையில் குழைத்த சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்து மூடிவிடுங்கள். நண்பகலில் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம்; கெட்டுவிடும். தண்ணீர் மட்டும் நீங்கள் நினைக்கும் அளவைப்போல் இரு மடங்கு. உண்ட இடத்தில் ஒரு காகிதத் துண்டைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள். நாம் போகும் பல இடங்கள் யாரோ ஒருவரின் ஊர், தோப்பு, குடிநீர்.

படி 5: வெள்ளிக்கிழமை நிஸ்வா

எனக்கு மிகவும் பிடித்த பயணம் இதுதான். ஏறத்தாழ 160 கி.மீ. காலை ஏழு மணிக்குச் சந்தையில் நிற்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். பிள்ளைகளை உடை மாற்றித் தூக்கத்தோடே தூக்கிக் காரில் போடுங்கள், வழியில் எழுந்துகொள்வார்கள். வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் வழியெங்கும் உண்டு. 120ஐத் தாண்ட வேண்டாம்.

ஆட்டுச் சந்தை வட்ட வடிவில் நடக்கும். வாங்க வந்தவர்கள் வட்டத்தின் உள்ளும் வெளியும் வரிசையாக இருக்க, விற்பவர்கள் நடுவில் உள்ள பாதையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விலையைக் கூவியபடி சுற்றிச் சுற்றி நடப்பார்கள். பிடித்திருந்தால் கைகாட்டி நிறுத்தி, பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, பேரம் தொடங்கும். முகமூடி அணிந்த மூதாட்டிகளும் ஆடு விற்க வருவார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கயிற்றை இழுத்துக்கொண்டு மாடுகளும் வரும் என்பதால் சிறு பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் சந்தை கலைந்துவிடும். எட்டரைக்கு வந்து சேர்ந்து "ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அடுத்து, நடந்து போகும் தூரத்தில் கோட்டை. இமாம் சுல்தான் பின் சைஃப் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய பெரிய வட்டக் கோபுரம். படிக்கட்டின் திருப்பங்களில் மேலே துளைகள் இருக்கும். எதிரி ஏறி வந்தால் அவற்றின் வழியே கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றுவார்கள். பேரீச்சை மூட்டைகளை அடுக்கி வைத்து, அவற்றின் பாரத்திலேயே பாகு வடியும்படி வாய்க்கால் அமைத்த அறையையும் தேடிப் பாருங்கள். பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் மறக்கமாட்டார்கள்.

கிளம்புமுன் ஊரின் விளிம்பில் உள்ள தாரிஸ் ஃபலஜ். மலையடி நீரைச் சரிவு மாறாமல் ஊருக்குக் கொண்டுவரும் கால்வாய்களுக்கு இங்கே ஃபலஜ் என்று பெயர். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஓமானின் ஐந்து ஃபலஜ்களில் இதுவும் ஒன்று. நீரை நேரக்கணக்கில் பங்கிட்டுக்கொள்வார்கள். பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் வைத்துக் கணக்கிட்ட காலம் உண்டு. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிய வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கால்வாய் ஓரத்தை விட்டு எழுந்திருக்க மனம் வராது. பஹ்லா, ஜப்ரீன் கோட்டைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவை இன்னொரு வாரத்துக்கு.

படி 6: வாதிக்குப் போகுமுன் மலைமேல் வானத்தைப் பாருங்கள்

வாதி என்பது காட்டாற்றுப் படுகை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கோ மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் சுவர்போல் இறங்கி வரும். பாறையில் மண் இல்லை. நீரை உறிஞ்ச எதுவும் இல்லை. 2024 ஏப்ரல் 14 அன்று சமத் அஷ்ஷான் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற வண்டியை வாதி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் பலர் உயிரிழந்தார்கள். நாடே அழுதது.

ஆகவே புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு ஓமான் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஸ்கட்டுக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஹஜர் மலைக்கும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பயணத்தைக் கைவிடுங்கள். ஓடையில் இருக்கும்போது நீர் கலங்கினாலோ இரைச்சல் கேட்டாலோ, பைகளை விட்டுவிட்டு உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். சாலையைக் கடந்து ஓடும் வெள்ளத்தில் காரை இறக்குவது இங்கே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். முன்னால் ஒருவர் போய்விட்டார் என்பது ஒரு காரணமே ஆகாது. அவசர எண் 9999.

படி 7: வாதி ஷாப்

நீந்தத் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. மஸ்கட்டிலிருந்து சுமார் 150 கி.மீ., திவி ஊருக்கு அருகே, நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்த வேண்டும். சிறு படகில் அக்கரைக்கு விடுவார்கள். ஆளுக்கு ஒரு ரியால், திரும்பி வரவும் சேர்த்து. கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு முக்கால் மணி நேர நடை. சில இடங்களில் பாதை குறுகிப் பாறை விளிம்பில் போகும். நனைந்தாலும் வழுக்காத செருப்பு கட்டாயம்.

முதல் குளங்களில் பிள்ளைகள் விளையாடலாம். அதற்கு மேல் நீந்திப் போனால், தலை மட்டும் நுழையக்கூடிய பாறைப் பிளவைத் தாண்டிக் குகைக்குள் ஓர் அருவி. அங்கே பெரியவர்கள் முறைவைத்துத்தான் போக வேண்டும். ஒருவர் எப்போதும் பிள்ளைகளோடு கரையில். நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் மிதவைச் சட்டை போடுங்கள். பெண்களும் ஆண்களும் முழங்கால், தோள் மறையும் உடையிலேயே நீந்துவது ஊர்க்காரர்களுக்கு நாம் தரும் மரியாதை.

திரும்பும் வழியில் பிம்மா பள்ளம். விண்மீன் விழுந்து உண்டானது என்று ஊரில் சொல்கிறார்கள். சுண்ணாம்புப் பாறை உள்ளிருந்து கரைந்து சரிந்ததில் ஏற்பட்டது. படி இறங்கி நீரில் கால் நனைக்க அரை மணி போதும்.

படி 8: கடைசியாக அக்தர் மலை

நிஸ்வாவுக்கு அருகே, மலையடியில் உள்ள பிர்கத் அல் மவ்ஸ் ஊரில் சோதனைச்சாவடி உண்டு. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி இல்லாவிட்டால் போலீஸ் மேலே விடமாட்டார்கள். மஸ்கட்டிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மலைச்சாலை பழக்கமில்லாதவர்கள் ஓட்டுநரோடு சேர்த்து நிஸ்வாவில் அமர்த்துவது மேல். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வர வேண்டும். சைக் பீடபூமி சுமார் 2,000 மீட்டர் உயரம் என்பதால் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டை தேவைப்படும். ஏப்ரலில் படிக்கட்டு வயல்களில் ரோஜா பறிப்பார்கள். அடுப்பேற்றிப் பன்னீர் வடிக்கும் வீடுகளில் கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். பூவை விடியலில் பறித்துவிடுவதால் வெள்ளி இரவே மலைமேல் தங்கிச் சனி காலை தோட்டத்துக்குப் போங்கள். ரோஜா மாதத்தில் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிடுங்கள்.