நிழல் மூலைக்குப் பவளம் வாங்கும்போது செய்யும் தவறுகள்

நீலகிரியில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் குறைவு. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக என்னிடம் வந்து சேர்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பாறை அடுக்குக்கு அடியில் இருட்டாக ஒரு மூலை இருக்கிறது, அங்கே எந்தப் பவளத்தை வைக்கலாம்? நல்ல கேள்விதான். ஆனால் பதிலைக் கேட்பதற்கு முன்பே பலர் வாங்கிவந்து விடுகிறார்கள். உப்பின் அளவு, புதுத் தொட்டியில் அவசரம் போன்றவற்றைப் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை.

ஒளி வேண்டாத பவளம் எளிதானது என்று நம்புவது

இந்த ஒரு தவறு இன்னும் எனக்குக் கோபமூட்டுகிறது. பணம் போவதோடு ஓர் உயிரும் பட்டினியால் சாகிறது.

கோத்தகிரியில் ஓர் இளைஞர் கார்னேஷன் கோரல் வாங்கி வந்தார். சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும் மென்பவளம் அது. விற்றவர், "இதற்கு லைட்டே வேண்டாம், மூலையில் வைத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பெரும்பாலான மீன்தொட்டிப் பவளங்களின் திசுக்குள் நுண்பாசி வாழ்கிறது. அது ஒளியிலிருந்து உணவு செய்து பவளத்துக்கும் கொடுக்கிறது. கார்னேஷனுக்குள் அந்தப் பாசி கிடையாது, ஆகவே விளக்கு தேவையில்லை. ஆனால் விளக்கு கொடுக்காத உணவை அது முழுக்க நீரிலிருந்தே பிடித்தாக வேண்டும். செங்கடலில் ஆய்வு செய்தவர்கள், இந்தப் பவளம் முக்கியமாக மிதக்கும் தாவர நுண்ணுயிர்களை உண்டே வாழ்கிறது என்று 1995-இல் காட்டினார்கள். அது பகலும் இரவும் இடைவிடாமல் உண்ண வேண்டிய உயிர்.

கடலில் அது வளரும் இடத்தைப் பாருங்கள். பாறையின் அடிவயிற்றிலும் செங்குத்துச் சுவர்களிலும், நீரோட்டம் வலுவாக அடிக்கும் இடத்தில் தொங்குகிறது. அங்கே நிழல் இருக்கிறது, கூடவே ஓட்டமும் இருக்கிறது. அந்த ஓட்டம்தான் உணவைக் கொண்டுவருகிறது. நம் தொட்டியிலோ நிழல் மூலைதான் நீர் மிகவும் தேங்கி நிற்கும் இடம். கடலின் நிழலையும் தொட்டியின் நிழலையும் ஒன்றாக நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

கோத்தகிரித் தொட்டியில் முதல் சில நாட்கள் பவளம் நீர் நிரம்பிப் பருத்து அழகாகத்தான் இருந்தது. பிறகு கிளைகள் தொங்கின, உடல் சுருங்கியது. அவர் பயந்துபோய் உறைந்த உப்புநீர் இறாலைக் கொட்டினார். கிளைகளில் பூப்போல விரியும் அதன் சின்ன வாய்களான பாலிப்புகளால் அவ்வளவு பெரிய இரையைப் பிடித்து விழுங்க முடியாது. பின்னர் பொடி உணவு. உண்ணப்படாத அத்தனையும் பாறைக்குப் பின்னால் அழுகியது. பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரில் ஏறின. வெளிச்சப் பக்கத்தில் பாசி மூடியது. கடைசியில், அதுவரை நன்றாக இருந்த, தோல்போல் தடித்த மென்பவளங்களான லெதர் பவளங்களும் பாலிப்பை விரிக்க மறுத்தன. ஒன்றைக் காப்பாற்றப்போய் தொட்டியே நோயாளியானது.

மலையில் இதன் சேதம் இன்னும் அதிகம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. அதே வெப்பநிலையில், அதே உப்பளவில், நீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. குன்னூரும் கோத்தகிரியும் சற்றுத் தாழ்வு, ஆனாலும் சமவெளி இல்லை. அழுகும் உணவைத் தின்னும் பாக்டீரியா இரவில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்போது, சென்னைத் தொட்டி தாங்குவதை நம் தொட்டி தாங்காது. கடையில் "எங்கள் தொட்டியில் நன்றாக இருக்கிறதே" என்பார்கள். நேற்று வந்து இறங்கிய பவளம் எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த மூலைக்கு வேண்டியது, குறைந்த ஒளியிலும் தன் பாசியை வைத்துப் பிழைக்கும் பவளம். காளான் வடிவில் இருக்கும் மஷ்ரூம் பவள வகைகளில் டிஸ்கோசோமாவும் ரோடாக்டிஸும் அப்படிப்பட்டவை. மெதுவான ஓட்டத்தையும் அவை பொறுத்துக்கொள்கின்றன. விலையும் குறைவு, பெருகவும் செய்யும். இவற்றை எளிமையானவை என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நல்ல நீல விளக்கின் கீழ் பச்சையும் சிவப்புமாக ஒரு மஷ்ரூம் விரியும்போது அதில் என்ன குறை?

கண்ணால் ஒளியை அளப்பது

பவள விளக்கு பெரும்பாலும் நீலம். நீல ஒளியின் வலுவை நம் கண் குறைத்தே மதிப்பிடும். பாசி உணவு செய்யப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவியான பார் (PAR) மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கி ஒருமுறையாவது அளந்துவிடுங்கள். 30 முதல் 80 வரை காட்டினால் மஷ்ரூமுக்குப் போதும். லெதர் வகைகளைச் சற்று மேலே, இன்னும் ஒளியுள்ள இடத்தில் வைக்கலாம். 20-க்கும் கீழே இறங்கினால் அங்கே பவளம் வேண்டாம், வெறும் பாறையாக விட்டுவிடுங்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கின் நிழல் வேறு, சோலைக்காட்டுக்குள் இருக்கும் இருட்டு வேறு.

ஒளி போதாத பவளம் காம்பை நீட்டும், விளிம்பை ஒளிப் பக்கம் திருப்பும். ஆனால் வெறுமனே பழுப்பேறுவது நோயின் அடையாளமல்ல. குறைந்த ஒளிக்கு ஈடுகட்டப் பாசி கூடுவதால் வரும் நிறம் அது.

சட்டத்தை மறப்பது

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், கல்போன்ற எலும்புக்கூடு கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. நிழலுக்கு ஏற்றது என்று காட்டப்படும் சன் கோரல் ஒரு கல்பவளம்தான். இருட்டு மூலைக்கு அழகு என்று சொல்லப்படும் கடல் விசிறியும் பட்டியலில் இருக்கிறது. ராமேஸ்வரம் கரையில் பொறுக்கிய காய்ந்த துண்டை அலங்காரத்துக்கு வைத்தாலும் குற்றமே. மன்னார் வளைகுடாவின் பாறைகள் ஏற்கெனவே பட்டது போதும்.

மூடிய அறையில் ஜோவான்தஸ் பாறையைச் சுரண்டுவது

நிழலைத் தாங்குகிறது என்று, பாறையில் பொத்தான்கள்போல் படரும் ஜோவான்தஸையும் பாலிதோவாவையும் பலர் வாங்குகிறார்கள். அவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆவியோடு காற்றில் கலந்து, வீட்டில் இருப்பவர்களின் நுரையீரலுக்குப் போகும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைக்கும் ஊர் நம்முடையது. பாறையை வேகவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். குழந்தைகள் அருகில் இருக்கும்போது தொடவே வேண்டாம்.

மின்வெட்டுக்கு ஹீட்டரை மட்டும் நினைப்பது

நீரைக் கலக்கி ஆக்சிஜன் சேர்க்கும் மோட்டாரான வேவ்மேக்கரை முதலில் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். தொட்டியைக் கம்பளியால் சுற்றினால் சூடு சில மணி நேரம் நிற்கும். ஆக்சிஜனுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஜன்னல் வெளிச்சத்தைக் கணக்கில் சேர்ப்பது

மூடுபனி மாதங்களில் அது இருக்காது.

வாடியதைத் தூக்கி விளக்கடியில் வைப்பது

நிழலுக்குப் பழகிய பவளம் திடீர் ஒளியில் வெளுத்துப்போகும். ஒரு வாரத்துக்கு ஒரு படி மேலே நகர்த்துங்கள்.