ஜட்ஜ் மேல் சந்தேகமா? வழக்கை மாற்றச் சொல்லி மனு போடும் முன் ஒரு நிமிடம்

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தாலுகா கோர்ட்டில் எங்கள் பெரியப்பாவுக்கு வரப்புத் தகராறு. மூன்றாவது வாய்தாவிலேயே "ஜட்ஜ் அவன் பக்கம் சாய்ஞ்சுட்டாருடா" என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று கேட்டால், நம்ம வக்கீல் எழுந்தாலே முகத்தைச் சுளிக்கிறாராம், ஐ.ஏ.வை (வழக்கின் நடுவில் போடும் இடைக்கால மனு) தள்ளுபடி செய்துவிட்டாராம். இரண்டும் எடுபடாது. பாதகமான உத்தரவு வந்தால் மேலே போக வேண்டியதுதான், அதற்காக வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்ற மாட்டார்கள். அப்புறம் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொல்கிறார்: ஜட்ஜ் வாடகைக்கு இருக்கிற வீடு எதிர்த்தரப்புக்காரரின் அண்ணனுடையது. அடப்பாவமே, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஜட்ஜ் நிஜமாகவே ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, உங்கள் இடத்தில் இருக்கும் விவரமான ஆளுக்கு நியாயமான பயம் வருமா என்றுதான் பார்ப்பார்கள்.

தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள். 1957-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், விசாரித்த குழுவின் தலைவர் முன்பு எதிர்த்தரப்புக்கு வக்காலத்துப் போட்டவர். ஆட்சேபம் சரிதான், ஆனால் அப்போதே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது கிளப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சிவில் என்றால் சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) 24-ஆவது பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் மாற்றல் மனு, ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹைகோர்ட் கிளையிலும் போடலாம். கிரிமினல் என்றால், அதே மாவட்டத்துக்குள் மாற்ற முதலில் செஷன்ஸ் ஜட்ஜிடம் (பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 448-ஆவது பிரிவு), அவர் மறுத்தால்தான் ஹைகோர்ட் (447). 2024 ஜூலைக்கு முன் பழைய சட்டத்தில் இவை 408, 407, பழைய ஆட்கள் இன்னும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள்.

கஷ்டமெல்லாம் மனுவோடு வைக்கும் அபிடவிட்டில் (பிரமாணப் பத்திரம்) தான். பெரியப்பா சொன்னபடி எழுதிய முதல் வரைவில் "பணம் வாங்கிவிட்டார்" என்று இருந்தது, வக்கீல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று இவர் திட்டினார், ஆனால் ஆதாரமில்லாமல் ஜட்ஜைக் கேவலப்படுத்தும் மனுவில் கையெழுத்துப் போட்ட வக்கீலும் அவமதிப்பு வழக்கில் மாட்டுவார். கீழ்க்கோர்ட் ஜட்ஜைப் பற்றி நல்லெண்ணத்தோடு ஹைகோர்ட்டில் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறதே என்றால், அந்த "நல்லெண்ணத்தோடு" என்கிற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசியில் மூன்றே வரி எழுதினோம்: வீடு எந்தத் தெரு, வீட்டு வரி ரசீது யார் பேரில், ஜட்ஜ் எப்போதிலிருந்து குடியிருக்கிறார். ரசீது நகலையும் சேர்த்தோம். "சாய்ந்துவிட்டார்" என்கிற வார்த்தையே மனுவில் இல்லை.

மனு போட்டதும் வழக்கு தானாக நிற்காது. தடை உத்தரவு கையில் வரும்வரை வாய்தாவுக்குப் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கை நடத்தி முடித்துவிடுவார்கள். மனுவுக்கு நம்பர் விழுந்த சந்தோஷத்தில் பெரியப்பா வாய்தாவை மறந்து அழகர்கோயிலுக்கு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஏறியவரைப் போனில் பிடித்து இறக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.