படுக்கையருகே விழித்திருப்பவருக்குத் துணை நிற்பது எப்படி?

அரசு மருத்துவமனைகளில் நோயாளியுடன் தங்குபவரை 'அட்டெண்டர்' என்று அழைப்பார்கள். மாத்திரை வாங்கி வரவும், ஸ்கேன் அறிக்கையை எடுத்து வரவும், ரத்தம் கொடுக்க ஆள் தேடவும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் குரல் கொடுப்பார்கள். இரவில் வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவரும் அவரே. "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லி, நோயாளி வீடு திரும்பியதும் அந்தப் பெயர் போய்விடுகிறது, வேலை மட்டும் பன்மடங்காகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த வேலை மனைவி, மகள், மருமகள் ஆகியோரில் ஒருவர் தலையில்தான் விழுகிறது. இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்பட்டதன்று; இதைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. அவருடைய தம்பி, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், வெளியூரில் இருந்து தொலைபேசியில் விசாரிக்கும் மூத்த மகன் ஆகியோருக்காக எழுதப்பட்டது.

முதலில் ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டும். "ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லு" என்று கூறிவிட்டுப் புறப்படுவது உதவியாகாது. என்ன வேண்டும் என்று யோசிப்பது, யாரிடம் கேட்கலாம் என்று முடிவு செய்வது, கேட்கும் கூச்சத்தை விழுங்குவது ஆகிய மூன்று வேலைகளை அது அவர்மேல் கூடுதலாக ஏற்றுகிறது. அதற்குப் பதிலாக ஒரு வேலையை நாளும் நேரமும் குறித்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்: "செவ்வாய், வெள்ளி இரவுகளில் நான் வந்து படுத்துக்கொள்கிறேன்", "மாத்திரை வாங்குவது இனி என் பொறுப்பு", "பிள்ளைகளை டியூஷனுக்கு அழைத்துப்போய் வருவது என் வேலை". சொன்ன நாளில் போகாமல் இருப்பது, எதுவும் சொல்லாமல் இருந்ததைவிட மோசமானது. ஆகவே சிறியதாகச் சொல்லுங்கள், தவறாமல் செய்யுங்கள்.

இரவு

பகலில் வந்து போக ஆயிரம் பேர் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு யாரும் இருக்கமாட்டார்கள். பராமரிப்பவரை உண்மையில் உடைப்பது துண்டுதுண்டான தூக்கம். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வார்கள், ஏனெனில் முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் ரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப்புண் வரும். காற்று மெத்தை இருந்தால் அழுத்தம் குறையும், ஆனால் திருப்பும் வேலை முற்றாக ஒழியாது. வாரத்தில் இரண்டு இரவுகளாவது அவர் வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில், தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் உறங்கும்படி செய்தால் மற்ற எல்லா உதவிகளையும்விட அது பெரியது. "நானும் இங்கேயே ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்" என்று அவர் சொல்வார். விடாதீர்கள். ஒவ்வொரு முனகலுக்கும் கண் திறக்கும் பழக்கம் அந்த அறையில் இருக்கும்வரை போகாது.

இரவுப் பொறுப்பை ஏற்குமுன் ஒரு பகல் அவருடன் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில், நான்காக மடித்த பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ குறுக்காக விரித்துவைத்து, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்தினால் தோல் உராயாது, தூக்குபவரின் இடுப்பும் பிடித்துக்கொள்ளாது. ஒருவரே கையால் இழுத்து நகர்த்துவதால்தான் பராமரிப்பவர்கள் பலர் முதுகுவலிக்காரர்களாகிறார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். திருப்பும்போது குழாய் உடலுக்கு அடியில் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரைகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். வேளை, மாத்திரை, அளவு, கொடுத்தவர் ஆகிய நான்கு பத்திகள் போதும். ஆள் மாறி ஆள் பார்த்துக்கொள்ளும் வீட்டில், கொடுத்தோமா கொடுக்கவில்லையா என்ற சந்தேகமே பாதிச் சண்டைக்குக் காரணம்.

வலி மருந்து

புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை தரப்படுகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் உறவினர்கள் அஞ்சுவதும், "அடிமையாகிவிடுவார், முடிந்தவரை தள்ளிப்போடு" என்று பராமரிப்பவருக்கு அறிவுரை சொல்வதும் வழக்கம். வலிக்காக மருத்துவர் குறித்த அளவில் தரும்போது அத்தகைய அடிமைத்தனம் அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நிற்கும் என்பதால், வலி வந்தபின் கொடுக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் மருத்துவர் சேர்த்தே எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் உறக்கம் அதிகமாக இருக்கும், பிறகு பெரும்பாலும் தெளியும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

இந்த மருந்து எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதன் விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2014இல் செய்யப்பட்ட திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் அதை இருப்பு வைத்து வழங்குவதை எளிதாக்கியது. எனவே எந்த மருத்துவமனையில் எந்த நாளில் தருகிறார்கள், நோயாளி நேரில் வர வேண்டுமா, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று விசாரித்து, மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்கி வருவதை ஒருவர் முழுப் பொறுப்பாக ஏற்கலாம். நோயாளியை விட்டுவிட்டு வெளியே செல்ல முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் செய்து பார்த்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை அளிப்பதும் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அளிப்பதும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று நோயாளியின் பெயரைப் பதிவு செய்வது, வெளியிலிருந்து உதவ நினைப்பவருக்கு மிகப் பொருத்தமான முதல் வேலை. அப்படியே பராமரிப்பவரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தவருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பவர் தன் மாத்திரையை மறந்திருப்பார்.

பார்க்க வருபவர்கள்

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் ரொட்டியுமாக வந்து, நாற்காலியில் அமர்ந்து, "எப்படி ஆரம்பித்தது?" என்று முதலிலிருந்து கதை கேட்பது நம் ஊர் நலம் விசாரிப்பு. ஒரே கதையை ஒரே நாளில் ஐந்துமுறை சொல்லி, ஐந்துமுறை காப்பி போடுபவர் பராமரிப்பவர்தான். எங்கள் பெரியம்மா படுத்திருந்தபோது அக்காள் கணவர் ஒருவர் மாலை ஐந்து முதல் ஆறு வரை வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களுக்கு நிலவரம் சொல்வதும், பத்து நிமிடத்தில் எழுப்பி அனுப்புவதும் அவர் வேலை. அவர் செய்ததைவிடப் பயனுள்ள உதவியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வெளியூர் உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஒரு செய்தி அனுப்பும் பொறுப்பையும் அவரைப் போன்ற ஒருவர் ஏற்றால், பராமரிப்பவரின் தொலைபேசி ஓயும்.

வந்தவர்கள் சொல்லக் கூடாதவை சில உண்டு: "இன்னாருக்கு இதே நோய், ஒரு மூலிகையில் சரியாகிவிட்டது", "இளைத்துவிட்டாரே, சரியாகச் சாப்பாடு கொடுக்கிறாயா?", "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்." தொலைவில் இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் வந்திறங்கி, உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று ஆவேசப்படும் பிள்ளைக்கு அமெரிக்க மருத்துவர்கள் 'கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அவர் துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருவார். அந்த ஆவேசத்தின் அடியில் இருப்பது குற்ற உணர்வு. ஆனால் அடி வாங்குவது இத்தனை மாதம் உடனிருந்தவர். நீங்கள் அந்தப் பிள்ளையாக இருந்தால், முடிவு நெருங்குமுன்பே ஒருமுறை வந்து, மருத்துவரை நேரில் சந்தித்து, ஒரு வாரம் அந்த அறையில் இரவு தங்கிவிட்டுப் பிறகு கருத்துச் சொல்லுங்கள்.

இதைத் தவிர்க்கப் பேச்சு முன்கூட்டியே நடக்க வேண்டும். "அவருக்கு நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்" என்று குடும்பம் முடிவெடுத்துவிடுகிறது. அந்தப் பொய்யை இருபத்துநான்கு மணி நேரமும் முகத்தில் சுமப்பவர் பராமரிப்பவர் மட்டுமே. நோயாளிக்கும் பெரும்பாலும் ஓரளவு தெரிந்தே இருக்கும். "உங்கள் உடம்பைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுத் தொடங்கினால், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரே காட்டிவிடுவார். குணமாக வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் முதலியவை வேண்டாம் என்று கருதுபவர், அதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்றது. எழுத்தாக இல்லாவிட்டாலும், நோயாளி தன் வாயால் எல்லோர் முன்னிலும் சொன்ன ஒரு வாக்கியம், பின்னாளில் பராமரிப்பவரைப் பழியிலிருந்து காக்கும்.

சோறு, குளுக்கோஸ், பால்

நம்மிடம் அன்பு என்பது ஊட்டுவது. அதனால் நோயாளி உண்ண மறுக்கத் தொடங்கும் கட்டத்தில்தான் பராமரிப்பவர் அதிகம் குத்தப்படுகிறார். "ஒரு வாய் கஞ்சியாவது கொடு, பட்டினி போட்டுவிடாதே" என்பார்கள். இறுதி வாரங்களில் உடல் உணவைக் கேட்பதை நிறுத்துவது நோயின் போக்கு; உண்ணாததால் அவர் இறந்துகொண்டிருக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் உண்ணவில்லை. விழுங்கும் திறன் குறைந்தவருக்கு வற்புறுத்தி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் மூச்சுத்திணறலும் நிமோனியாவும் வரலாம்.

"ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும்" என்பது அடுத்த கோரிக்கை. ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. வற்றிவரும் உடலில் அந்த நீர் சில சமயம் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கும். ஏற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டார் முடிவு செய்ய வேண்டாம். வாய் வறட்சிக்கு ஈரப் பஞ்சால் நாக்கையும் ஈறையும் துடைத்து, உதட்டில் சிறிது வெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவுவது உண்மையான ஆறுதல் தரும். அதை யாரும் செய்யலாம், பேரப்பிள்ளைகூட.

கடைசி வேளையில் உறவினர் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றும் வழக்கத்தை நிறுத்தச் சொல்ல நான் முன்வரமாட்டேன்; அது பிரிவைச் சொல்லிக்கொள்ளும் முறை. ஆனால் கரண்டியால் ஊற்றினால் புரையேறும். பஞ்சில் ஒரு துளி நனைத்து உதட்டில் வைத்தால் சடங்கும் நிறைவேறும், மூச்சும் தடைபடாது.

கை, கால் குளிர்ந்து நீலம் பாய்வது, மூச்சு நின்று நின்று வருவது, தொண்டையில் கரகரப்பு, நாள் முழுதும் உறக்கம் ஆகியவை முடிவு நெருங்குவதன் அடையாளங்கள். இவற்றை முன்பே அமைதியாகச் சொல்லிவைத்தால் பராமரிப்பவர் பதறி ஆம்புலன்சை அழைக்க நேராது. கரகரப்புக்கு ஒருக்களித்துப் படுக்கவைப்பது உதவும். அந்த ஓசை நோயாளியைவிடக் கேட்பவரையே அதிகம் வதைக்கிறது. காது கேட்கும் என்று எண்ணியே பக்கத்தில் பேசுங்கள். சொத்துக் கணக்கைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இறப்பு நேர்ந்தால், சிகிச்சை அளித்து வந்த மருத்துவரிடம் இறப்பின் காரணச் சான்று பெற்று, 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மீதமுள்ள மார்ஃபினைக் கொடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். வாடகைக் கட்டிலையும் மெத்தையையும் அனுப்ப வேண்டும். இவற்றில் எதையும் அவரைச் செய்யவிடாதீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்ததும் வீடு காலியாகும். இரண்டு மணிக்கு விழித்து, யாரைத் திருப்ப எழுந்தோம் என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கும் இரவுகள் அதன் பிறகே வரும். உங்கள் செவ்வாய், வெள்ளி வருகையை அப்போதும் நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் கழித்தும் உறக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மத்திய அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். எண்ணை நீங்களே அழுத்தித் தொலைபேசியைக் கையில் கொடுங்கள்.

"நான் கொடுத்த கடைசி மாத்திரைதான் அவரைக் கொண்டுபோய்விட்டதோ?" என்று அவர் ஒருநாள் கேட்பார், அநேகமாக அடுப்படியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது. "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று வாயை அடைக்க வேண்டாம். வலி மருந்து எழுதிய மருத்துவரிடமோ வீட்டுக்கு வந்த செவிலியரிடமோ அழைத்துச் சென்று, கேள்வியை அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த மாத்திரை நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.