கல்யாணத்துக்கு நீள நகம் ஒட்டுகிறீர்களா? எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பார்லருக்குப் போய் நீள நகம் ஒட்டிக்கொண்டு வருவதுதான் மணப்பெண்கள் பலர் செய்யும் முதல் தவறு. போட்டோவில் அழகாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் விடியற்காலையில் தோட்டுக்குத் திருகாணி போட வேண்டும், ஜாக்கெட் கொக்கி மாட்ட வேண்டும், கொசுவத்தைப் பிடித்து ஊக்கு குத்த வேண்டும். விரல்நுனி படவேண்டிய இடத்தில் எல்லாம் நகம் முந்திக்கொள்ளும். திருகாணியை இரண்டு நகங்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள்: அரைச்சுற்று சுற்றுவதற்குள் வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். அதனால் நான்கைந்து நாள் முன்னதாகவே ஒட்டிப் பழகிக்கொள்ளுங்கள். விரல்நுனியால் செய்ததை எல்லாம் விரலின் சதைப்பகுதியால் செய்யப் பழகுவதுதான் மொத்த வித்தையும்.

போன் விஷயமும் இதேதான். திரை உணர்வது தோலின் தொடுகையை. ஒட்டிய நகம் செய்யப்படும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது, நகத்தால் எவ்வளவு தட்டினாலும் எழுத்து விழாது. விரலைச் சாய்த்துச் சதையால் தொடுங்கள், இல்லாவிட்டால் பேசியே டைப் செய்துவிடுங்கள். தரையில் விழுந்த காசையும் ஏ.டி.எம். கார்டையும் நகத்தால் நெம்பி எடுக்கக் கூடாது.

நெம்புவதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். நகம் எவ்வளவு நீளமோ, நுனியில் படும் அடி அடிப்பகுதியில் அவ்வளவு பலமாக இறங்கும். கார் கதவில் இடித்தாலோ, கூல்டிரிங்ஸ் டின்னை நகத்தால் திறந்தாலோ, ஒட்டிய நகம் உடைந்தால் தப்பித்தோம். அது உடையாமல் உறுதியாக நின்றால், அடியில் இருக்கும் சொந்த நகம் சதையை விட்டுப் பெயர்ந்து வரும். வலி உயிர் போகும். டின்னுக்கு ஸ்பூன் காம்பு போதும். எந்நேரமும் வீட்டு வேலை இருப்பவர்கள் விரல்நுனியை லேசாகத் தாண்டும் நீளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

சமையலறைக்கு வருவோம். சப்பாத்தி மாவு பிசைந்தால் நகத்தடியில் மாவு ஏறிக் காய்ந்துவிடும். ரசஞ்சோறு பிசைந்து சாப்பிட்டால் பருக்கை தங்கிவிடும். மஞ்சள் பட்டால் வெளிர் நிறப் பூச்சு அன்றைக்கே பழுத்துப்போகும். மாவுக்குக் கையுறை, சோற்றுக்கு ஸ்பூன். நம் வீட்டில் ஸ்பூனில் சாப்பிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அழுக்கை ஊக்கால் குத்தி எடுக்கும் பழக்கம் வேண்டாம், ஒட்டிய இடம் திறந்துகொள்ளும். சோப்பும் மென்மையான பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கழிவறைக்குப் போய்வந்த பிறகும் அதே பிரஷ் வேலைதான், ஆனால் அதற்கென்று தனி பிரஷ் வையுங்கள்.

குத்துவிளக்குத் திரியை விரலால் தூண்டுவது, அப்பளத்தைத் தணலில் கையாலேயே திருப்புவது, இதெல்லாம் கை தானாகச் செய்யும் காரியங்கள். ஒட்டிய நகம் பிளாஸ்டிக், தீப்பிடிக்கும். திரிக்குக் குச்சி, அப்பளத்துக்கு இடுக்கி.

ஒட்டிய நகம் ஒன்று கழன்றால் பலரும் ஃபெவிக்விக்கைத் தேடுவார்கள். நெயில் க்ளூவிலும் சரி, அதிலும் சரி, இருப்பது சயனோஅக்ரிலேட் என்ற ஒரே வகைப் பசைதான். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ அது கொட்டினால் வேதிவினையில் சட்டென்று சூடேறி, தோலே வெந்துபோகலாம். சிந்திய பசையைப் பஞ்சால் துடைக்கப் போகாதீர்கள். அதைவிட மோசம், ஓரம் தூக்கிய நகத்தின் மேலேயே பசையை விட்டு அழுத்துவது. உள்ளே தண்ணீர் தங்கி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து, நகம் பச்சையாக மாறும். பச்சை தெரிந்தால் மேலே பாலிஷ் அடித்து மறைக்காமல், கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழற்றுவதிலும் பொறுமை இல்லை நம் ஆட்களுக்கு. கல்யாணம் முடிந்த கையோடு பல்லால் கடித்து இழுப்பார்கள். கூடவே சொந்த நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வரும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாகப் புது நகம் வர ஏறக்குறைய 6 மாதம். அக்ரிலிக் என்றால் அசிட்டோனில் (பாலிஷ் ரிமூவரில் இருக்கும், எளிதில் தீப்பிடிக்கும் திரவம்) நனைத்த பஞ்சை வைத்து, ஃபாயில் சுற்றி, 15–20 நிமிடம் ஊறவிட வேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல். ஹார்ட் ஜெல் என்ற, விளக்கொளியில் இறுகவைக்கும் கெட்டி நகப்பூச்சு அசிட்டோனில் கரையாது. அதை அரம் வைத்துத்தான் தேய்த்து எடுக்க வேண்டும், அது பார்லர் வேலை.

அப்புறம், ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்கு நகமும் பாலிஷும் இடைஞ்சல் ஆகலாம் என்பதால் கழற்றச் சொல்வார்கள். நோயாளிகளைத் தொட்டு வேலை செய்பவர்கள் ஒட்டு நகமே வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கைச் சுத்த வழிகாட்டுதல்.

வீட்டிலேயே கிட் வாங்கி ஜெல் போடுபவர்கள், புற ஊதா (UV) விளக்கில் இன்னும் காயாத ஜெல்லைத் தோலில் படவிடக் கூடாது. நகத்தைச் சுற்றி அரிப்போ தடிப்போ வந்தால் ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனத்தால் வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். அது ஒருமுறை வந்தால் பெரும்பாலும் விடாது. பல் சொத்தை அடைக்கும் பொருளிலும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு. அதனால் பல் டாக்டரிடம் போகும்போது இந்த அரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.