ஆயிரம் பேரின் எச் டிரைவை ஒன்டிரைவுக்கு மாற்றுவது எப்படி?

ஆபீஸ் சர்வரில் ஆளுக்கொரு ஃபோல்டர், அவரவர் கணினியில் அது எச் டிரைவ் என்று தெரியும். நிறுவனம் மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாறியதும் அதையெல்லாம் அதன் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். பத்துப் பேர் என்றால் இழுத்துப் போட்டுவிடலாம். ஆயிரம் பேர் என்றால் காப்பி எடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

படி 1: முதலில் ஸ்கேன்

ஷேர்பாயிண்ட் (குழுக்கள் ஃபைல்களைப் பகிரும் மைக்ரோசாஃப்ட் தளம்) அட்மின் சென்டரில், ஃபைல்களை நகர்த்தித் தரும் மைக்ரேஷன் மேனேஜர் என்ற கருவி இருக்கிறது. தனியாகக் காசு கிடையாது. சர்வருக்கு அருகில் உள்ள ஒரு விண்டோஸ் கணினியில் அதன் ஏஜென்ட்டை (நகர்த்தும் வேலையைச் செய்யும் மென்பொருளை) நிறுவி, எல்லா ஃபோல்டர்களையும் ஸ்கேன் செய்யுங்கள். எது போகாது என்று அறிக்கை வரும்.

அதில் அதிகம் தலைகாட்டுவது பாதையின் நீளம். ஃபைல் பெயரும் ஃபோல்டர் பெயர்களும் சேர்ந்து 400 எழுத்தைத் தாண்டக்கூடாது. 'புதியது', அதற்குள் 'புதியது காப்பி', அதற்குள் 'இறுதி', அதற்குள் 'இதுதான் இறுதி' என்று அடுக்கி வைப்பவர் எல்லா ஆபீசிலும் உண்டு. அந்தப் பட்டியலை அவரிடமே அனுப்பிச் சுருக்கச் சொல்லுங்கள். நீங்களாகப் பெயர் மாற்றினால் "என் ஃபைலைக் காணோம்" என்று போன் வரும்.

அடுத்தது, மெயில்களைச் சேமித்து வைக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல்கள். அவுட்லுக் திறந்திருக்கும்வரை அவை பூட்டியே கிடக்கும், காப்பி ஆகாது. அவற்றை மெயில்பாக்ஸுக்குள் இம்போர்ட் செய்வதே நல்லது. எச் டிரைவ் பாதையைச் சுட்டும் எக்செல் லிங்க்குகளும் மாற்றத்துக்குப் பிறகு உடையும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் ஃபோல்டர்களை ஒன்டிரைவுக்குக் கொண்டுபோக வேண்டாம். கணக்கை நீக்கினால், அமைப்பை மாற்றாதவரை 30 நாளில் அந்த ஒன்டிரைவும் போய்விடும். தேவையானதை மட்டும் அந்தக் குழுவின் ஷேர்பாயிண்ட் தளத்தில் வையுங்கள்.

படி 2: ஒன்டிரைவைத் தயார் செய்தல்

லைசன்ஸ் கொடுத்தாலும், பயனர் முதல்முறை திறக்கும்வரை ஒன்டிரைவ் உருவாகாது. கட்டளை அடித்து வேலை வாங்கும் பவர்ஷெல் கருவியால் முன்பே உருவாக்கிவிடலாம், ஒரு தடவைக்கு 200 பேர் வரை. உருவாக நேரமாகும், ஆகவே கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

படி 3: யாருடையது யாருக்கு

இடப்பக்கம் சர்வர் பாதை, வலப்பக்கம் ஒன்டிரைவ் முகவரி என்று ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் ஃபைல்) தயாரிக்க வேண்டும். அந்த முகவரியில் மின்னஞ்சலின் புள்ளியும் அட் குறியும் அடிக்கோடாக மாறிவிடும், எக்செல் ஃபார்முலா போட்டால் போதும். ஆனால் ஒரே பெயரில் இருவர் இருந்தால், திருமணத்துக்குப் பின் ஒருவர் பெயர் மாறியிருந்தால், பொருத்தம் பிசகும். ஒருவரின் சம்பளக் கடிதம் இன்னொருவரின் ஒன்டிரைவில் போய் உட்கார்ந்தால் விளக்கம் சொல்லி மாளாது. இப்படிச் சந்தேகம் தரும் வரிகளைக் கண்ணால் பாருங்கள்.

ஃபைல் அனுமதிகளையும் கொண்டுபோகும் அமைப்பு ஒன்று இருக்கும். எச் டிரைவுக்கு அதை அணைத்துவிடலாம். உரிமையாளருக்கு அவருடைய ஒன்டிரைவில் முழு அனுமதி ஏற்கெனவே இருக்கிறது.

படி 4: இரண்டு தடவையாக நகர்த்துதல்

100 எம்பிபிஎஸ் இணைப்பை முழுதாகக் கொடுத்தாலும் 1 டெராபைட் போக 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் கணக்குக்குத்தான். லட்சக்கணக்கில் சின்ன ஃபைல்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். பகலில் மைக்ரோசாஃப்ட் பக்கமும் வேகத்தைக் கட்டுப்படுத்தும், ஆகவே இரவிலும் வார இறுதியிலும் ஓட விடுங்கள்.

சிறு குழுவோடு தொடங்குங்கள். எதற்கும் குறை சொல்லும் ஒருவரை அதில் கட்டாயம் சேருங்கள், சோதனைக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். சரியாக இருந்தால் நூறு நூறு பேராக நகருங்கள். முதல் தடவை, மக்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் போகும். அப்புறம் ஒரு வெள்ளி மாலை பழைய ஃபோல்டரை வாசிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, மைக்ரேஷன் மேனேஜரில் அதே டாஸ்க்கை (நகர்த்தும் வேலையை) மறுபடி ஓட்டினால், புதிதாக வந்ததும் மாறியதும் மட்டும் போகும். ஒரு விஷயம்: இடையில் யாராவது ஃபைல் பெயரை மாற்றியிருந்தால், பழைய பெயரில் ஒன்றும் புதிய பெயரில் ஒன்றுமாக இரண்டு இருக்கும். இதையும் சொல்லி வையுங்கள்.

படி 5: பழையதைக் கழற்றுதல்

பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொருவருக்கும் உள்ள ஹோம் ஃபோல்டர் பதிவை நீக்குங்கள், லாகின் ஸ்கிரிப்ட் (உள்நுழையும்போது தானாக ஓடும் கட்டளைகள்) இருந்தால் அதிலும் எச் டிரைவ் வரியை எடுங்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சர்வருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால், அப்படித் திருப்பிவிடும் குரூப் பாலிசியை (எல்லாக் கணினிக்கும் பொதுவான அமைப்பு) நிறுத்திய பிறகே, அந்த ஃபோல்டர்களை ஒன்டிரைவில் வைக்கும் ஃபோல்டர் பேக்கப்பை இயக்குங்கள். இரண்டும் சேர்ந்து ஓடாது. பழைய ஷேரை இரண்டு மாதமாவது வாசிக்க மட்டும் நிலையில் விட்டு, கடைசி பேக்கப் எடுத்தபின் அணைக்கலாம்.